நேராத்தான் போகிறோம் சார்

போன மாதம் ஒரு காலையில் சின்ன விமானத்தில் நண்பரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதாக இருந்தேன். ஓடுபாதையின் மறுமுனை மூடுபனியில் காணவில்லை. அண்ணாந்து பார்த்தால் மட்டும் நீலம் தெரிந்தது. “மேலே தெளிவா இருக்கே, ஏறிட்டா போச்சு” என்றார் அவர். என்னிடம் இருப்பது கண்ணால் பார்த்து ஓட்டுவதற்கான லைசென்ஸ். கருவிகளை மட்டும் நம்பி ஓட்ட எனக்குப் பயிற்சி இல்லை. முடியாது என்றேன்.

அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. பயிற்சியின்போது ஒருநாள் ஆசிரியர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். விமானம் இடப்பக்கம் திரும்புவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நேராகிவிட்டது. “எப்படிப் போகிறோம்?” “நேராத்தான் சார்.” கண்ணைத் திறந்தால், கருவியில் இடது இறக்கை 30 டிகிரி சரிந்து கிடக்கிறது, உயரமும் குறைந்துகொண்டே வருகிறது! திருப்பம் ஒரே சீராக இருந்தால், 20 வினாடி போல ஆனதும் உள்காதில் உள்ள திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் காது ஒன்றும் சொல்லாது. வெளியே தொடுவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். பனிக்குள் அதற்கும் வழியில்லை.

கிளம்பும் நேரம் இன்னும் மோசம். வேகம் கூடக்கூட விமானத்தின் மூக்கு மேலே தூக்குவது போலத் தோன்றும். கை தானாக அதைக் கீழே அழுத்தும்.

1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் அயோவாவில் பாடகர் பட்டி ஹோலியை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன பொனான்சா விமானம் கிளம்பியது. விமானிக்கு வயது 21, கருவிப் பயிற்சித் தகுதி கிடையாது. விமான உரிமையாளர் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வெளியே மேடையில் நின்று வால் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்லக் கீழிறங்கி மறைந்தது. விமானம் விழுந்து, அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். அந்த விமானத்தின் சாய்வுகாட்டி, விமானி பழகியதற்கு நேர் எதிராக ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வகை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த வரிதான்.

அதற்கு முன்பே, 1954-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவி அனுபவம் இல்லாத 20 பேரை வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

பனி விலகப் பதினொன்றரை ஆகிவிட்டது. நண்பர் அதற்குள் காரில் கிளம்பிப் போயிருந்தார். இன்னும் கோபம்தான், போன் எடுப்பதில்லை.