வசந்தத்தில் இலை உதிரும் ஊர்

அமெரிக்காவில் அக்டோபரில்தான் இலை உதிரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மார்ச் கடைசியில் டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷன் என்கிற ஊரில், மகள் குடியிருக்கும் தெருவில் இறங்கினால், கணுக்கால் வரைக்கும் சருகு. மேலே பார்த்தால் அதே மரத்தில் புதுத் தளிர். நம் ஊர் வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் செய்கிற அதே வேலை. லைவ் ஓக் என்று பெயர். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வசந்தம் தொடங்கும்போது புது இலை வந்து பழையதைத் தள்ளிவிடும். கூடவே மஞ்சள் நூல் மாதிரிப் பூ, அதன் மகரந்தம் எல்லாக் கார்களின் மேலும் மஞ்சள்தூள் தூவியதுபோல் படிந்திருந்தது. இரண்டு நாள் விடாமல் தும்மினேன்.

ஹூஸ்டனில் இறங்கி 290-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து, ஹெம்ஸ்டெட்டில் 6-ஆம் எண் சாலைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் ஓரத்தில் நீலமாக ப்ளூபானெட் பூக்கள். 1901-இலிருந்து டெக்சாஸின் மாநில மலர் இதுதான். ஊர்க்காரர்கள் காரை ஓரங்கட்டி, குழந்தைகளைப் பூவுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கப் போனேன். "பாம்பு இருக்கும்ப்பா" என்றாள் மகள். காரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊரின் பெயரே ரயில் நிலையத்திலிருந்து வந்தது. 1876-இல் திறந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு ஆள் இறக்கிவிட ஒரு ஸ்டேஷன். அதைச் சுற்றி வளர்ந்து, 1938-இல்தான் முறையாக நகரமானது. ஆக, கல்லூரி முதலில், ஊர் பிறகு. இங்கே படிப்பவர்கள் தங்களை 'ஆகி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். எதிரே வருகிறவர் யாரென்றே தெரியாவிட்டாலும் "ஹௌடி" என்று வணக்கம் சொல்கிறார்கள். முதல் நாள் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று. மூன்றாம் நாள் நானே முந்திக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை 'பிக் ஈவென்ட்'. மாணவர்கள் ஊருக்குள் போய், வீடு வீடாகத் தோட்ட வேலையும் வேலிக்கு வண்ணம் அடிப்பதும் ஜன்னல் துடைப்பதுமாக ஒரு நாள் உழைப்பார்கள். 1982-இல் ஜோ நுஸ்பாம் என்ற மாணவர் பேரவைத் துணைத் தலைவர் ஆரம்பித்தது. முதல் வருடம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். உள்ளூர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சுத்தம் செய்தார்கள். பிறகு 20,000 பேர் வரை வந்த வருடங்களும் உண்டு. நாட்டின் மற்ற பல்கலைக்கழகங்கள் பலவும் இதைப் பார்த்து, இதே பெயரில் நடத்துகின்றன. எல்லாம் மாணவர்களே செய்வது: விண்ணப்பம் வாங்குவது, முன்கூட்டியே வீட்டைப் போய்ப் பார்ப்பது, இலை வாரும் ரேக், மண்வெட்டி எண்ணிக் கொடுத்துத் திரும்ப எண்ணி வாங்குவது. வங்கியில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்த மண்வெட்டிக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

மகளின் குழுவில் பத்துப் பேர். எங்களுக்கு வந்தது பிரையன் பக்கம் ஒரு வீடு. பிரையன் ஒட்டியே இருக்கும் பழைய ஊர். தனியாக இருக்கும் ஒரு பாட்டி. வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் எனக்குள் கணக்குப் பிள்ளை முழித்துக்கொண்டான். "இவங்களால ஆள் வச்சு செய்ய முடியாதா? வசதி இல்லாத வீடாப் பார்த்துப் போகலாமே?" என்றேன் மெதுவாக.

"வருமானம் எல்லாம் கேக்க மாட்டாங்கப்பா. இது உதவி இல்ல, நன்றி. ஊர்க்காரங்க நம்மள வச்சுக்கறாங்கல்ல, அதுக்கு."

எனக்கு அது உடனே இறங்கவில்லை. எண்பதுகளில் மதுரையில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருக்கிறேன். பத்து நாள். கண்மாய்க் கரையில் வேலிக்காத்தான் வெட்டினோம், ஒரு தெருவுக்கு மண் கொட்டினோம். ஊர்ப் பெண்கள் மூன்று வேளையும் பொங்கிப் போட்டார்கள். கடைசி நாள் விழா வைத்து, மாலையும் அவர்களே போட்டார்கள். நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். பதிலுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக ஞாபகமே இல்லை.

நான் பதிவு செய்த ஆள் இல்லை என்பதால் என் கையில் ரேக் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். பாட்டி தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். இனிப்பு போட்ட ஐஸ் டீ வந்தது. சர்க்கரை நம் ஊர் கல்யாண வீட்டுக் காபியைத் தோற்கடிக்கும்.

லைவ் ஓக் இலை சின்னது, தோல் மாதிரி தடிப்பானது, ஓரம் உள்ளே வளைந்து குட்டித் தோணி போல இருக்கும். ரேக்கின் பல்லுக்கு நடுவே நழுவிவிடுகிறது. ஒரு பையன் பத்து நிமிடம் போராடிவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தான். அங்கேதான் வினை. வேலி ஓரம் மண் குவியலில் கையை விட்டுவிட்டான். நெருப்பெறும்பு! போன நூற்றாண்டில் தென் அமெரிக்காவிலிருந்து சரக்குக் கப்பலில் வந்து, இந்தத் தெற்கு மாநிலங்களையே பிடித்துக்கொண்ட சாதி. பையன் குதித்த குதியில் மற்ற ஒன்பது பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு களிம்போடு வந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துத் தடவினார். நாளைக்கு வெள்ளைக் கொப்புளம் வரும், உடைக்காதே என்றார்.

களிம்பு தடவிக்கொண்டேதான் சொன்னார், இந்த வருடம் ஏன் விண்ணப்பம் போட்டார் என்று. கணவரும் ஆகிதான். அவர் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. ஏப்ரல் 21-க்குப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். கணவர் இருந்தவரை இந்த முற்றத்தைக் கூட்டுவது அவர் வேலையாகவே இருந்தது.

ஏப்ரல் 21 என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மாணவர்களுக்குத் தெரிந்தது, சிரிப்பு சட்டென்று நின்றது. அன்று 'மஸ்டர்'. 1836-இல் சான் ஜசின்டோ போரில் டெக்சாஸ் வென்ற நாள் அது. ஆகிகள் உலகில் எங்கிருந்தாலும் அன்று கூடி, மறைந்தவர்களின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் குடும்பத்தாரோ நண்பரோ "ஹியர்" என்று குரல் கொடுத்து, ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நம் பள்ளிக்கூடத்து "உள்ளேன் ஐயா" தான். ஆள் இல்லாதபோது மற்றவர் சொல்கிறார்கள், அவ்வளவே.

அதன் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேலி இடுக்கில் கிடந்த இலையைக்கூட ஒரு பெண் விரலால் நோண்டி எடுத்தாள். ஒரு மணிக்கு முற்றம் பளிச்சென்று இருந்தது. கிளம்பும் நேரத்தில் ஒரு காற்று. திரும்பவும் பொலபொலவென்று ஒரு கூடை இலை. "இன்னும் இரண்டு வாரம் கொட்டும்" என்றார் பாட்டி. எறும்பு கடித்த பையன் தன் அலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

நான் ஏப்ரல் 10 வாக்கில் மதுரை திரும்பிவிட்டேன். 22-ஆம் தேதி விடிகாலையில் மகள் அழைத்தாள். அங்கே இன்னும் 21 இரவு. ரீட் அரீனாவில் மஸ்டர் முடியப் போகிறது என்றாள். பேசவில்லை, போனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். அவ்வளவு பெரிய அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. பாட்டியின் குடும்பப் பெயர் வந்தது. "ஹியர்" என்று ஏழெட்டுக் குரல் சேர்ந்து கேட்டது.

"அதுல ஒண்ணு அவன்தான்ப்பா" என்றாள். "ரெண்டு தடவை போய் இலை அள்ளிட்டு வந்திருக்கான்."