ஆண், பெண் என்று பால் பிரிக்காத கோழிக்குஞ்சு விற்பவர்களுக்கு

"பாதிக்குப் பாதி பெட்டை வரும்" என்று சொல்லி விற்காதீர்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு குஞ்சும் தனித்தனிப் பூவா தலையா. நாலு குஞ்சு வாங்கினால் நாலும் சேவலாகிவிட 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு. பத்து வாங்கினாலும் ஏழோ அதற்கு மேலோ சேவலாக வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு.

இறக்கை பார்த்துப் பிரிப்பது அதற்கென்றே இணைசேர்த்த வகைகளில்தான் எடுபடும். நாட்டுக்குஞ்சில் நம்ப முடியாது. ஆசனவாய் பார்த்துப் பிரிக்கலாம், ஆனால் பொரித்த முதல் ஓரிரு நாளுக்குள், பழகிய கை வேண்டும். கூர்முனை முட்டை சேவல் என்பதெல்லாம் சும்மா.

ரசீதிலேயே எழுதுங்கள்: "பால் பிரிக்காதது, பெட்டைக்கு உத்தரவாதம் இல்லை." சேவலைத் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை வாரம் வரை, பணமா மாற்றா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததை நேராகக் கூட்டத்தில் விடவேண்டாம். 30 நாள் தனிக்கூண்டு. நோய் வந்தால் மொத்தமும் போகும்.

"சேவலாகிவிட்டது" என்று ஆறு வாரத்தில் கோபமாக வருபவரிடம் வாதாடாமல் கோழியின் படம் கேளுங்கள். கொண்டை சிவப்பை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள், சில வகைகளில் பெட்டைக்கும் சீக்கிரம் சிவக்கும். மூன்று மாதத்தை ஒட்டி இடுப்பில் கூரான, பளபளக்கும் இறகு தொங்கினால் சேவல்தான்.

பெட்டை மட்டுமே வேண்டும் என்பவருக்குக் குஞ்சே கொடுக்காதீர்கள். வளர்ந்த விடைக்கோழியை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையை) காட்டுங்கள், விலை கூடினாலும்.