ஜட்ஜ் கார்டின் மேல் விழுந்த சந்தேகம்

ஒரு குத்துச்சண்டைத் தீர்ப்பு சர்ச்சையானால் அரங்கில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு காசு வாங்கினான்?" என்பதுதான். ரிங்கை ஒட்டி வேலை பார்ப்பவர்கள் கேட்பது வேறு. அந்த ஜட்ஜை யார் போட்டார்கள்? அவர் சம்பளம் எந்த வழியாக வந்தது? எந்தெந்த ரவுண்டில் மற்ற இருவரிடமிருந்து விலகினார்? காசு கைமாறாமலேயே ஒரு சண்டை ஒரு பக்கமாகச் சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். தொழில்முறைக் குத்துச்சண்டை மக்களிடம் மதிப்பிழந்ததற்கு லஞ்சத்தைவிட இந்தச் சாய்வே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பத்துப் புள்ளி முறையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று ஜட்ஜ்கள் ரிங்கின் மூன்று பக்கங்களில் உயரமான ஸ்டூலில் உட்காருவார்கள். மூன்று நிமிட ரவுண்டு முடிந்ததும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. ஃபவுலுக்காக ரெஃப்ரி புள்ளி வெட்டினால் அதையும் கழிக்க வேண்டும். ஒரு நிமிட இடைவேளைக்குள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பல இடங்களில் ரெஃப்ரியே அதை வாங்கி, சண்டையை மேற்பார்வையிடும் கமிஷனின் மேசையில் சேர்ப்பார். கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. எல்லா ரவுண்டுப் புள்ளிகளின் கூட்டல்தான் அந்த ஜட்ஜின் கார்டு. பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தந்த தாக்குதல், ரிங்கைத் தன் பிடியில் வைத்திருந்தது, தற்காப்பு. முதலாவதற்குத்தான் எடை அதிகம். முன்னால் போய்க்கொண்டே இருப்பவர் எல்லாம் தாக்குகிறார் என்று எண்ணிவிடக் கூடாது. போகிற வழியில் ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) வாங்கிக்கொண்டே போகிறார் என்றால் அந்த ரவுண்டு பின்னால் நகர்பவருக்கு உரியது.

இந்த முறையின் ஓட்டை 10-9-லேயே இருக்கிறது. ஒருவர் எதிராளியைக் கயிற்றோடு சேர்த்து வைத்து மூன்று நிமிடமும் அடித்தாலும், விழவில்லை என்றால் பெரும்பாலான ஜட்ஜ்கள் 10-9 தான் போடுவார்கள். இருவரும் தூரம் பார்த்துக்கொண்டே கழித்த, யாருக்கென்று சொல்ல முடியாத ரவுண்டுக்கும் அதே 10-9. விதியில் 10-10 உண்டு. ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவர் என்ற பெயர் வந்துவிடும் என்று அதைத் தொடவே தயங்குவார்கள். இப்போது 12 ரவுண்டில் சிவப்பு மூலைக்காரர் 5 ரவுண்டை அடித்து நொறுக்கி எடுத்தார், மிச்சம் 7 ரவுண்டும் மயிரிழை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழும் நீல மூலைக்குப் போனால் கார்டு 115-113, வெற்றி நீலத்துக்கு. எந்த ரவுண்டைத் தனியாக எடுத்தாலும் ஜட்ஜ் தவறு செய்தார் என்று நிரூபிக்க முடியாது. சாதாரணமாக மயிரிழை ரவுண்டுகள் இரண்டு பக்கமும் சிதறி விழும். ஏழும் ஒரே மூலையில் விழுந்தால், அதிலும் அந்த மூலை டிக்கெட் விற்கும் மூலையாக இருந்தால், சந்தேகம் வரத்தான் செய்யும்.

நேர்மையான ஜட்ஜும் தவறுவார் என்பதையும் சொல்ல வேண்டும். டிவியில் நான்கைந்து கேமரா; அவருக்கு ஒரே கோணம். ஒரு வீரரின் முதுகு அவர் பக்கம் திரும்பிவிட்டால், அந்த முதுகுக்கு அப்பால் விழும் உடல் குத்துகள் எதுவும் தெரியாது. முழங்கையிலும் கையுறையிலும் பட்ட குத்துதான் பெரிய சத்தம் போடும். தாடையில் சரியாக விழுந்த குறுகிய குத்துக்குச் சத்தமே இருக்காது, எதிராளியின் தலை பின்னால் போவதை வைத்துத்தான் தெரியும். உள்ளூர்க்காரர் காற்றில் வீசினாலும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். கடைசி முப்பது விநாடியில் நடந்தது முதல் இரண்டரை நிமிடத்தை அழித்துவிடும். அதைத் தெரிந்த வீரர்கள் மணி அடிக்கும் முன் வேண்டுமென்றே ஒரு சரவெடி கொளுத்துவார்கள்.

1999 மார்ச்சில் நியூயார்க்கில் லெனாக்ஸ் லூயிஸும் இவாண்டர் ஹோலிஃபீல்டும் மோதியபோது, எண்ணியவர்கள் கணக்கில் எதிராளி மேல் பட்ட லூயிஸின் குத்துகள் 348, ஹோலிஃபீல்டுடையவை 130. தீர்ப்போ டிரா. ஒரு கார்டு லூயிஸுக்கு, ஒன்று சமம், ஒன்று ஹோலிஃபீல்டுக்கு 115-113. லூயிஸ் தெளிவாக ஆதிக்கம் செலுத்திய ஐந்தாவது ரவுண்டைக்கூட அந்த மூன்றாவது கார்டு ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தது. தன் இருக்கையிலிருந்து பார்வை மறைந்தது என்று அந்த ஜட்ஜ் பின்னர் விளக்கம் சொன்னார். விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பல அமைப்புகளிடம் பிரிந்து கிடந்த ஹெவிவெயிட் பட்டத்தை ஒன்றாக்க வேண்டிய சண்டை அது, பணம் கட்டிப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கத்தைக் கேட்டிருப்பார்கள்?

பழைய காலத்து ஃபிக்ஸிங் வேறு மாதிரி. அங்கே விலைபோனது ஜட்ஜ் அல்ல, வீரர். 1947 நவம்பரில் ஜேக் லமோட்டா பில்லி ஃபாக்ஸிடம் நான்காவது ரவுண்டில் தோற்றார். அடியை வாங்கிக்கொண்டு நின்றாரே தவிரத் திருப்பி அடிக்கவில்லை, பார்த்தவர்களுக்கு அன்றே புரிந்துவிட்டது. கமிஷனால் காயத்தை மறைத்தார் என்று சொல்லித்தான் தண்டிக்க முடிந்தது. வேண்டுமென்றே தோற்றதாக 1960-ல் அமெரிக்க செனட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அதற்கு விலை பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு. அந்தக் காலத்துச் சண்டைகளைப் பின்னாலிருந்து நடத்திய ஃபிரான்கி கார்போ 1961-ல் 25 வருடத் தண்டனை பெற்றார்.

அப்படி ஒருவரை விழச் சொல்வது இன்று ஆபத்து, அவசியமும் இல்லை. யாரோடு யார் மோதுவது என்று ஜோடி சேர்க்கும் மேட்ச்மேக்கரே பாதி வேலையை முடித்துவிடுவார். வளர்க்க வேண்டிய வீரருக்கு வயதானவர், உயரம் குறைந்தவர், இரண்டு வாரம் முன்புதான் அழைக்கப்பட்டவர் என்று எதிராளி வருவார். எதிராளி எதிர்பாராமல் நன்றாக ஆடிவிட்டால்தான் மிச்சப் பாதி ஜட்ஜின் கைக்கு வருகிறது. அமெரிக்காவில் ஜட்ஜை நியமிப்பது மாநில கமிஷன்; பட்டச் சண்டை என்றால் பெல்ட் கொடுக்கும் அமைப்பும் பெயர் சொல்லும். சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கடைசியில் சண்டையைப் பணம் போட்டு நடத்தும் புரமோட்டர் தலையில். 2000-ல் வந்த முகமது அலி சட்டப்படி, தனக்குக் கிடைப்பதையெல்லாம் ஜட்ஜ் கமிஷனிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். விமானக் கட்டணம் அந்தக் கணக்கில் வரும். அடுத்த பெரிய சண்டைக்கும் நம்மைக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு எந்தப் படிவத்திலும் வராது.

பெல்ட் அமைப்புகளின் கதை இதோடு பின்னியது. ஒரு காலத்தில் எட்டு எடைப் பிரிவுகள், பிரிவுக்கு ஒரு சாம்பியன். இப்போது பதினேழுக்கு மேல் பிரிவுகள், நான்கு பெரிய அமைப்புகள், போதாததற்கு இடைக்காலப் பட்டங்கள். ஒவ்வொரு பட்டச் சண்டையிலும் வீரரின் தொகையில் அமைப்புக்குப் பங்கு உண்டு, வழக்கமாக 3 சதவீதம். பெல்ட் கூடினால் வரவு கூடும். தரவரிசையில் இடம் பிடித்தால்தான் பட்டத்துக்கு மோத முடியும் என்பதால் அந்தப் பட்டியலே சரக்காகிவிட்டது. அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்-பின் தலைவர் தரவரிசைக்குப் பணம் வாங்கினார் என்று 1999-ல் வழக்கு வந்தது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் விடுதலையானாலும், வரி ஏய்ப்பு உட்படச் சிலவற்றில் அவர் தண்டிக்கப்பட்டார். யார் உண்மையான சாம்பியன் என்று ரசிகருக்கே தெரியாத விளையாட்டை டிவி எத்தனை நாள் சுமக்கும்? பெரிய சண்டைகள் தனியாகப் பணம் கட்டிப் பார்ப்பவையாக மாறின. 1973-ல் குத்துச்சண்டையை ஒளிபரப்பத் தொடங்கிய அமெரிக்க டிவி சேனல் எச்.பி.ஓ 2018-ல் அதை நிறுத்தியது. இன்னொரு சேனலான ஷோடைம் 2023-ல் விலகியது.

தவறிய தீர்ப்பைத் திருத்த வழி இல்லையா? 2012 ஜூனில் மேனி பாக்கியாவோ, டிமோதி பிராட்லியிடம் தோற்றதாக இரண்டு கார்டுகள் 115-113 என்று சொன்னபோது நான்கு அமைப்புகளில் இன்னொன்றான டபிள்யூ.பி.ஓ ஐந்து ஜட்ஜ்களை வைத்து வீடியோவைப் பார்க்கச் சொன்னது. ஐவரும் பாக்கியாவோ ஜெயித்தார் என்றார்கள். முடிவு மாறவில்லை. சண்டை நடந்த நெவாடா மாநிலத்தின் விதிப்படி கூட்டுச் சதி, கூட்டல் பிழை, ரெஃப்ரி விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது ஆகிய மூன்றுக்குத்தான் தீர்ப்பை மாற்றலாம். மயிரிழை ரவுண்டை ஒரே பக்கம் தள்ளியது இதில் எதிலும் அடங்காது. மற்றொரு அமைப்பான டபிள்யூ.பி.சி நான்காவது, எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு கார்டை அறிவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. முன்னணியில் இருப்பது தெரிந்ததும் கடைசி நான்கு ரவுண்டை ஓடியே கழிப்பவர்கள் வந்துவிட்டார்கள்.

கமிஷன்கள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜட்ஜின் கார்டுகளையும் சேர்த்து வைத்து, மற்ற இருவரும் ஒரு பக்கம் போட்ட ரவுண்டுகளில் இவர் எத்தனை தடவை தனித்து நின்றார், அவை யார் பக்கம் விழுந்தன என்று வருடாவருடம் வெளியிடுவது. ஒரு சண்டையில் தனித்து நிற்பது குற்றமில்லை. சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். நாற்பது சண்டைகளிலும் புரமோட்டரின் வீரர் பக்கமே தனித்து நின்றிருந்தால், அவரை அடுத்த பட்டச் சண்டைக்குப் போடக் கூடாது.