நாலு கட்டையில் பீட்டர் கன்

பீட்டர் கன் தொடரின் முகப்பு இசையை நம்ம ஊர்க் கல்யாண பேண்ட் செட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் ஆசை. இந்த மார்கழியில் ஒருவழியாக நடந்துவிட்டது. எது சுலபமாக வந்தது, எது படுத்தி எடுத்தது, இன்னும் எது வரவில்லை என்று எழுதி வைக்கிறேன். கிட்டார் பழகுகிறவர்களுக்கும், பழைய துப்பறியும் தொடர் என்றால் சோறு தண்ணி மறக்கிறவர்களுக்கும் உபயோகப்படலாம்.

தொடரைத் தெரியாதவர்களுக்கு: 1958 செப்டம்பர் 22ஆம் தேதி அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. இரண்டு வருடம் அங்கே ஓடி, மூன்றாவது வருடம் ஏபிசிக்கு மாறி, 1961இல் முடிந்தது. அரை மணி நேர அத்தியாயங்கள், மொத்தம் 114, எல்லாம் கறுப்பு வெள்ளை. உருவாக்கியவர் பிளேக் எட்வர்ட்ஸ். பீட்டர் கன்னாக வருபவர் கிரெய்க் ஸ்டீவன்ஸ். ஒட்ட வெட்டிய முடி, அளவெடுத்துத் தைத்த கோட்டு, எந்த நெருக்கடியிலும் உயராத குரல். தனியார் துப்பறிவாளர் என்று பேர்தானே தவிர, மனிதர் பாதி நேரம் மதர்ஸ் என்கிற ஜாஸ் கிளப்பில்தான் உட்கார்ந்திருப்பார். அங்கே பாடுகிற எடி அவருடைய காதலி. அந்த வேடத்தில் லோலா ஆல்பிரைட். லெப்டினன்ட் ஜாக்கோபியாக ஹெர்ஷல் பெர்னார்டி. என்னைக் கேட்டால் தொடரிலேயே நல்ல நடிப்பு அவருடையதுதான். தூக்கம் கெட்ட முகத்தோடு வந்து நிற்பார், பாவமாக இருக்கும்.

கதைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கொலை, இரண்டு அடிதடி, ஒரு திருப்பம். ஆள் யார் என்பதைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஹென்றி மான்சினி.

1958இல் யுனிவர்சல் ஸ்டுடியோ தன் இசைப் பிரிவை இழுத்து மூடியபோது வேலை போனவர்களில் மான்சினியும் ஒருவர். முடிவெட்டிக்கொள்ள அதே ஸ்டுடியோ வளாகத்துச் சலூனுக்குப் போயிருக்கிறார். வெளியே வரும்போது பிளேக் எட்வர்ட்ஸ் எதிர்ப்பட்டு, ஒரு தொடர் எடுக்கப்போகிறேன், இசையமைக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். பீட்டர் கன் என்ற பேரைக் கேட்டதும் இவர் கௌபாய் கதையோ என்று நினைத்தாராம்! அந்தக் காலத்துத் துப்பறியும் கதைகளுக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்து மிரட்டுவதுதான் வழக்கம். மான்சினி சின்ன ஜாஸ் குழுவை வைத்துக்கொண்டார். நாயகனே ஜாஸ் கிளப்பில் குடியிருப்பவன் என்பதால், பின்னணி இசை எங்கே முடிகிறது, கிளப்பில் வாசிக்கிற இசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே பல இடங்களில் தெரியாது. அந்த இசைத்தட்டுக்குத்தான் 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தது. போட்டியில் ஃபிராங்க் சினாட்ராவின் ஆல்பங்கள் இரண்டு இருந்தன.

அந்த ஒலிப்பதிவில் பியானோ வாசித்தவர் ஜான் வில்லியம்ஸ். பின்னாளில் சுறா மீன் படமான ஜாவ்ஸுக்கும் ஸ்டார் வார்ஸுக்கும் இசையமைத்த அதே ஆள்தான். அப்போது அவர் ஸ்டுடியோவில் கூப்பிட்டால் போய் வாசிக்கிற பியானோக்காரர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முகப்பு இசை முழுக்க ஒரே ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சின்ன இசைத்துண்டு, மேல் நிற்கிறது. கிட்டாரும் பியானோவின் இடது கையும் சேர்ந்து கீழ் ஸ்தாயியில் எட்டே எட்டு ஸ்வரம் வாசிக்கின்றன. நம் கணக்கில் எழுதினால்:

ச ச ரி ச க ச ம க

சதுஸ்ருதி ரிஷபம், சுத்த மத்யமம். முதலில் வருகிற க சாதாரண காந்தாரம், கடைசி க அந்தர காந்தாரம். அவ்வளவுதான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மாறுவதே இல்லை. மேலே டிரம்பெட்டும் ஹார்னும் கத்துகின்றன, சாக்ஸபோன் புலம்புகிறது, கீழே இது பாட்டுக்கு ஓடுகிறது. கார்டும் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) மாறாது. இது ஜாஸை விட ராக் அண்ட் ரோலுக்குத்தான் நெருக்கம் என்று மான்சினியே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1959இலேயே டுவேன் எடி இதைக் கிட்டாரில் வாசித்துப் பிரபலமாக்கினார். 1986இல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவோடு அவரே மறுபடி வாசித்த வடிவத்துக்கும் கிராமி கிடைத்தது. ஸ்பை ஹன்டர் என்று 1983இல் வந்த கார் துரத்தல் வீடியோ கேம் ஆடியவர்களுக்கும் இந்த ரிஃப் காதில் இருக்கும்.

கிட்டாரில் பழக இதைவிட எளிதான ரிஃப் கிடையாது. தடித்த ஆறாவது தந்தி ஒன்று போதும். 0 0 2 0 3 0 5 4. எண்கள் விரல் வைக்கிற ஃப்ரெட் கட்டங்கள், 0 என்றால் தந்தியைச் சும்மா விடுவது. அரை மணி நேரத்தில் விரல் பழகிவிடும். பிக்கை எல்லாவற்றுக்கும் கீழ்நோக்கியே அடிக்க வேண்டும், மேலும் கீழுமாக அடித்தால் முரட்டுத்தனம் போய்விடும். வலது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கத்தில் லேசாக வைத்து அமுக்கிக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். நிறைய அமுக்கினால் தகர டப்பா.

வாசிப்பது எளிது. வாசித்துக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம். இரண்டு நிமிடம் ஒரே எட்டு ஸ்வரத்தை, வேகம் கூடாமல் குறையாமல், அலங்காரம் எதுவும் சேர்க்காமல் வாசித்துப் பாருங்கள். கை தானாக ஏதாவது சேர்க்கும். மெட்ரோனோம் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 100 தட்டில் ஆரம்பித்து 120 வரை ஏற்றினேன். 120ஐத் தொட்டது ஐப்பசி கடைசியில்.

அப்புறம் பேண்ட் மாஸ்டர். செல்லூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கிளாரினெட் வாசிப்பார். அவரிடம் பேசப் போனபோது கார்த்திகை முகூர்த்தம், மனிதரைப் பிடிக்கவே முடியவில்லை. "மார்கழி பிறக்கட்டும் தம்பி, அப்ப நாங்க சும்மாதான் கெடப்போம்" என்றார். மார்கழி பிறந்ததும் அவரே கூப்பிட்டுவிட்டார். போனில் ரிஃப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்று கேட்டார்.

"கரகரப்பிரியா ராகத்துப் பூர்வாங்கம், கீழ்ப்பாதி. கடைசியில மட்டும் அந்தர காந்தாரம். அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குதே?"

"கடைசி வரைக்கும் ஏறாதுண்ணே."

"ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனத்துக்கு ரெண்டு தடவை. சரி, என்ன சுருதி?"

முதல் பஞ்சாயத்து இங்கேதான். கிட்டாருக்கு வசதி இ, அதாவது மூணு கட்டை, ஏனென்றால் ஆறாவது தந்தியைச் சும்மா விட்டாலே சட்ஜம் கிடைத்துவிடும். அதே சுருதி பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் விரல் சிக்கல். மான்சினியின் அசல் எஃப், நாலு கட்டை. காற்று வாத்தியங்களுக்கு அது வெண்ணெய் மாதிரி. மாஸ்டர் நாலு கட்டைதான் என்று சொல்லிவிட்டார். கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அமுக்கிப் பிடிக்கிற கவ்வி) மாட்டியதும் பஞ்சாயத்து தீர்ந்தது. விரல்கள் பழைய இடத்திலேயே, சுருதி நாலு கட்டை.

முதல் ஒத்திகையில் ஆட்கள்: மாஸ்டர், இரண்டு டிரம்பெட், ஒரு யூபோனியம் (கனத்த குரலுள்ள பித்தளை ஊதுகருவி), சைட் டிரம், பாஸ் டிரம். கிட்டாருக்கு நான், கீபோர்டுக்கு என் மச்சினன். இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல்: "யார் வீட்டுல விசேஷம்? மார்கழி மாசத்துலயா?"

நான் எதிர்பார்க்காத இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ரிஃப்பின் காந்தாரத்தை மாஸ்டர் பிடித்ததும் அது ஆட ஆரம்பித்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் மிரட்டல் போய்விட்டது. இந்த ரிஃப்பில் ஒவ்வொரு ஸ்வரமும் ஆணி அடித்த இடத்தில் நிற்க வேண்டும். அவருக்கு இருபது வருஷப் பழக்கம், விரல் கேட்கவில்லை. கடைசியில் அவரே முடிவு செய்தார்: "ரிஃப் எனக்கு வேணாம், மேல வர்றதைக் குடுங்க." அது சரியான முடிவு. மேலே நீண்டு புலம்புகிற வாசகத்தில் அவருடைய அசைவு கச்சிதமாகப் பொருந்தியது. அசலில் சாக்ஸபோனில் வருகிற தேய்ப்பை விட எனக்கு இது பிடித்திருக்கிறது, சொன்னால் ஜாஸ்காரர்கள் அடிக்க வருவார்கள்.

இரண்டாவது, மூச்சு. ரிஃப்பின் கனத்துக்கு யூபோனியம் வேண்டும். மச்சினனுடைய கீபோர்டு ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி வரவே வராது. ஆனால் ரிஃப்பில் இடைவெளி கிடையாது, ஊதுகிறவர் எங்கே மூச்சு வாங்குவது? முதல் சுற்றிலேயே யூபோனியம் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "தம்பி, இதை எழுதுனவரு ஊதிப் பாத்தாரா?" என்றார். அவர் எழுதியது கிட்டாருக்கும் பியானோவுக்கும், அவற்றுக்கு மூச்சு வேண்டாம். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, சுற்றின் தொடக்கத்தில் வருகிற இரண்டு சட்ஜங்களில் இரண்டாவதை யூபோனியம் விட்டுவிடும். அந்த ஒற்றை ஸ்வர இடத்தில் மூச்சு. கிட்டாரும் கீபோர்டும் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தி வாசித்து மூடிவிடும். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. கீபோர்டை என் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் செருகியதும் கனமும் வந்துவிட்டது.

சைட் டிரம் தம்பி நன்றாகத்தான் வாசித்தான், ஆனால் டிரம்பெட் கத்துகிற இடம் வந்ததும் உற்சாகம் தாங்காமல் உருட்டிவிடுவான். உருட்டியதும் காலப்பிரமாணம் ஓடும். 120இல் ஆரம்பித்தது முடியும்போது மாப்பிள்ளை அழைப்பு வேகத்தில் நிற்கும். மாஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த சுற்று சரியாக இருக்கும், அதற்கடுத்த சுற்று மறுபடி ஓடும். இது இன்னும் முழுசாகத் தீரவில்லை. இப்போதைக்கு உருட்டுக்குத் தடை, ரிம்மில் ஒற்றை அடி மட்டும்.

மார்கழி கடைசி சனிக்கிழமை மாடியில் ஒரு சின்ன விழா வைத்தோம். கடன் வாங்கிய புரொஜெக்டர், திரைக்கு வெள்ளை வேட்டி, தெருமுனை வண்டியிலிருந்து பருத்திப்பால். முதல் அத்தியாயம் போட்டேன். போலீஸ் உடுப்பில் வந்தவர்கள் ஒரு தாதாவைச் சுட்டுத் தள்ளுகிற காட்சியோடு ஆரம்பிக்கும். வசனம் புரிகிறதா என்று யாரும் கவலைப்படவில்லை, நான் நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அப்பத்தா மட்டும் கன்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அடி வாங்கியும் சட்டை கசங்கலையே இவனுக்கு" என்றார். இந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே சிறந்தது.

படம் முடிந்ததும் வாசித்தோம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ரிஃப் மட்டும். பிறகு டிரம்பெட்டுகள், பிறகு கிளாரினெட். டிரம்பெட் இரண்டும் சேர்ந்து நறுக்கென்று வெட்டி நிறுத்த வேண்டிய இடங்களில் ஒன்று முன்னே ஒன்று பின்னே போனது. மற்றபடி நன்றாகவே வந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இரண்டாம் முறை தடையை மீறி உருட்டல் வந்தது, அந்த நேரத்தில் யாருக்கும் கோபம் வரவில்லை. கூலி வேண்டாம் என்று மாஸ்டர் மறுத்துப் பார்த்தார். ஆட்களுக்குப் பேசியதைக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

தை பிறந்ததும் அவர்களுக்கு முகூர்த்தம் தொடங்கிவிட்டது, ஒத்திகை நின்றுவிட்டது. போன வாரம் மாஸ்டரை டீக்கடையில் பார்த்தேன். திருமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் நடுவே இந்த ரிஃப்பை எடுத்துவிட்டார்களாம். பையன்கள் விடாமல் ஆடியிருக்கிறார்கள். "என்ன பாட்டுன்னு கேட்டாங்க தம்பி. துப்பறியிற பாட்டுன்னு சொல்லிட்டேன்."

அடுத்து அதே ஆல்பத்தில் இருக்கிற ட்ரீம்ஸ்வில். மெதுவான காதல் மெட்டு, ரிஃப்புக்கு நேர் எதிர், கார்டுகள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மெட்டை மாஸ்டர் நோட்டில் ஸ்வரமாக எழுதிக்கொண்டுவிட்டார், கிளாரினெட்டில் அது ஒரு பிரச்சினையே இல்லை. நான்தான் கார்டு மாறுகிற வேகத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு ஞாயிறு கிடைத்தால் சேர்ந்து உட்காருவதாகப் பேச்சு.