ப்ராக்ஸி பதிவில் காணாமல் போன காலைப் பொழுதுகள்

எங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் காலை 9:34 மணிக்குப் பல ஜிபி தரவிறக்கினார் என்று பராமரிப்பு ஒப்பந்த நிறுவனம் அறிக்கை அனுப்பியது. அவர் மறுத்தார். பதிவைச் சரிபார்க்கும் வேலையை மேலாளர் என் தலையில் கட்டினார். அலுவலக இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தி, ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்குவிட் ஓடும் பழைய உபுண்டு 18.04 (லினக்ஸ்) சர்வர் அது. உள்ளே நுழைந்து பார்த்தபோது அந்த ஒரு வரியைவிடப் பெரிய கோளாறு தென்பட்டது: எந்த நாளை எடுத்தாலும் காலை ஐந்தரை முதல் கிட்டத்தட்ட நண்பகல் வரை ஒரு வரிகூட இல்லை.

ஒப்பந்த நிறுவனத்திடம் கேட்டேன். "அந்த நேரத்தில் யாரும் இணையம் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்" என்றது பதில். அலுவலக நேரத்திலா? மறுபடி கேட்டதற்கு, சர்வரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள். நல்லவேளை, அதைச் செய்யவில்லை.

நடந்தது இதுதான். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் அவர்கள் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தார்கள். சர்வர் கடிகாரப்படி நள்ளிரவு 12 மணிக்கு அது அக்சஸ் லாக் (ஸ்குவிட்டின் பதிவு) கோப்பின் பெயரை மாற்றி, ஜிஜிப் என்ற சுருக்கும் கருவி கொண்டு சுருக்கும். ஸ்குவிட்டிடம் ஒரு வார்த்தை சொல்லாது. லினக்ஸில் கோப்பின் பெயரை மாற்றினாலும், ஏன், அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஜிஜிப் சுருக்கி முடித்ததும் மூலத்தை நீக்கிவிடும். ஆக, அதன்பின் வந்த வரிகள் எல்லாம் பெயரில்லாத கோப்புக்குள் போயின. காலை 6:25க்கு, பழைய பதிவை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கவைக்கும் உபுண்டுவின் வழக்கமான லாக்ரொட்டேட் ஓடி, ஸ்குவிட்டுக்கு ரொட்டேட் கட்டளை கொடுக்கும்போதுதான் அது புதுக் கோப்பைத் திறக்கும். அந்த நொடியில் பழையது அடியோடு மறையும். சர்வர் கடிகாரமோ யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடுகிறது. அதன் 12 மணி நமக்குக் காலை 5:30. அதன் 6:25 நமக்கு 11:55. வேலை மும்முரமாக நடக்கும் நேரமே தினமும் ஆவியாகியிருக்கிறது.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவசரப்பட்டு மறுதொடக்கம் செய்யாதீர்கள். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் 'டெலீட்டட்' என்று அந்தக் கோப்பு தெரிந்தால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் எண்ணைக் கொண்டு ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் (/proc) அடைவின் வழியாக நகல் எடுத்துவிடலாம். 11:55க்கு முன்பே முந்திக்கொண்டதால் அன்றைய காலைப் பகுதி முழுவதையும் மீட்டேன். முந்தைய காலைகள் போனது போனதுதான்.

சரிசெய்வது சுலபம். ஸ்கிரிப்டைத் தூக்கினேன். ஸ்குவிட் அமைப்பில், எத்தனை பழைய பதிவுக் கோப்புகளுக்கு எண் போட்டு வைப்பது என்று சொல்லும் லாக்ஃபைல் ரொட்டேட் மதிப்பை 10 என்று வைத்திருந்தார்கள். அதை 0 ஆக்கினேன். அப்போது ஸ்குவிட் கோப்புப் பெயர் எண்களைத் தானாக நகர்த்தாமல் கோப்பை மூடித் திறப்பதோடு நின்றுகொள்ளும். சுழற்சி முழுவதும் லாக்ரொட்டேட்டின் பொறுப்பு. இரண்டும் ஒரே எண் வரிசையில் கைவைத்தால் எந்தக் கோப்பு எந்த நாளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது நேர முத்திரை. ஸ்குவிட் வரியின் முதல் புலம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். 1700000000 என்பதை யுடிசியில் படித்தால் 2023 நவம்பர் 14 இரவு 10:13. இந்திய நேரத்தில் நவம்பர் 15 அதிகாலை 3:43. தேதியே மாறுகிறது! பதிவு வரியின் வடிவத்தைக் குறிக்கும் லாக்ஃபார்மட்டை மாற்றி நேரடியாகப் படிக்கும்படி எழுத வைக்கலாம்தான். ஆனால் பழைய வடிவத்தை நம்பியிருக்கும் அறிக்கைக் கருவிகள் படுத்துவிடும். படிக்கும்போது மாற்றிக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. பெர்ல் (Perl) நிரல்மொழியின் லோக்கல்டைம் ஒரே வரியில் முடித்துவிடும்; முன்னால் நேர மண்டலத்தை ஏசியா கொல்கத்தா என்று கொடுக்க மறக்காதீர்கள். ஆக் (awk) என்ற உரைக் கருவியில், நேரத்தைப் படிக்கும்படி மாற்றும் எஸ்டிஆர்எஃப்டைம் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு: இந்த உபுண்டுவில் இருப்பது ஆக்கின் பழைய மாக் (mawk) வகை, அதில் அந்தச் செயற்பாடு கிடையாது. ஜிஆக் (gawk) நிறுவுங்கள்.

இந்திய நேரத்துக்கு மாற்றிப் பார்த்ததும், அறிக்கையில் யுடிசியில் இருந்த 9:34 பிற்பகல் 3:04 ஆனது. கதை அதோடும் முடியவில்லை. ஸ்குவிட் குறிப்பது கோரிக்கை முடிந்த நேரத்தை, தொடங்கியதை அல்ல. இரண்டாவது புலம்தான் அது நீடித்த மில்லிநொடிகள். அந்த வரியில் 52000000க்குச் சற்று மேல் இருந்தது. பதினான்கரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கழித்தால் தொடக்கம் நள்ளிரவு தாண்டி 12:37. அலுவலகம் பூட்டியிருந்த வேளை! அணைக்காமல் விட்ட கணினியில் தானாக ஓடிய ஒத்திசைவு மென்பொருள்தான் அந்த இணைப்பைத் திறந்திருந்தது. கணக்கை வரிவரியாக எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். புகார் அன்றே திரும்பப் பெறப்பட்டது. ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து வருத்தம் என்று ஒரு சொல் வரவில்லை, அந்த மாத பில் மட்டும் தவறாமல் வந்தது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உபுண்டு தொகுப்போடு வரும் லாக்ரொட்டேட் அமைப்பு பழைய பதிவில் இரண்டு சுற்றை மட்டுமே வைத்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவோ 180 நாள் பதிவு வேண்டும் என்கிறது. நான் ரொட்டேட் எண்ணை 200 ஆக்கி, கோப்புப் பெயரில் தேதி போடும் டேட்எக்ஸ்ட் சேர்த்தேன். கோப்புப் பெயரில் வரும் தேதி சுழற்சி நடந்த நாளுடையது. உள்ளே முந்தைய நாளின் வரிகளும் கலந்திருக்கும். தேடும்போது அந்த நாளின் கோப்பு, மறுநாள் கோப்பு இரண்டையும், சுருக்கிய கோப்பைப் பிரித்துக் காட்டும் ஸீகேட் (zcat -f) கட்டளையில் திறந்து பாருங்கள்.