16 மதிப்பெண் கேள்வியும் ஒரு கட்டத்தாளும்

"செயற்கை நுண்ணறிவின் வரலாற்றையும் முக்கியப் பிரிவுகளையும் விவரி." மூன்றாம் ஆண்டு இடைத்தேர்வில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பே வந்துவிட்டது. முந்தின இரவுதான் 1943 முதல் 2022 வரை ஆண்டுகளை வரிசையாக உருப்போட்டிருந்தேன். மூன்று பக்கம் எழுதினேன். 16க்குக் கிடைத்தது 5.

"1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் பெர்செப்ட்ரானைக் கண்டுபிடித்தனர்" என்ற வரியின் கீழே ஆசிரியர் இரண்டு முறை சிவப்புக் கோடு போட்டிருந்தார். பெர்செப்ட்ரான் என்பது உள்ளீடுகளுக்கு எடை கொடுத்துக் கூட்டி, ஆம் அல்லது இல்லை என்று முடிவு சொல்லும் எளிய செயற்கை நரம்பணு. 1958இல் அதை அறிமுகம் செய்தவர் ஃபிராங்க் ரோசன்பிளாட். மற்ற இருவர் அதே பெயரில் எழுதிய புத்தகம் அதன் குறைகளைக் கணிதத்தால் அம்பலப்படுத்தியது. வீட்டைக் கட்டியவர் பெயர் கேட்டால், சுவரில் விரிசல் காட்டியவர்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

செமஸ்டர் தேர்வுக்கு வேறு வழியில் படித்தேன். எந்த ஆண்டில் எது வந்தது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எது எங்கே முட்டி நின்றது என்று தேடினேன்.

நீங்களும் ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். (0,0), (1,1) ஆகிய இடங்களில் வெற்று வட்டம் போடுங்கள். (0,1), (1,0) ஆகிய இடங்களில் கறுத்த புள்ளி வையுங்கள். இதுதான் எக்ஸார்: இரண்டு உள்ளீடுகளில் ஒன்று மட்டும் 1 என்றால் விடை 1. இப்போது ஸ்கேலை வைத்து, கறுப்பு ஒரு பக்கமும் வெள்ளை மறுபக்கமும் வரும்படி ஒரே ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். எப்படிச் சாய்த்தாலும் ஒரு புள்ளி தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஓரடுக்கு பெர்செப்ட்ரானால் அந்த ஒரு கோட்டைத்தான் போட முடியும். இரண்டு கோடு கிடைத்தால் வேலை முடிந்தது. அதற்கு நடுவில் இன்னோர் அடுக்கு வேண்டும். அடுக்கைச் சேர்த்துவிடலாம், அதற்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது? பிழையைப் பின்னோக்கி அனுப்பி எடைகளைத் திருத்தும் முறையை ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986இல் நேச்சர் இதழில் எழுதிப் பரவலாக்கினார்கள். அடுக்குகள் பெருகியபோது ஆழ்கற்றல் ஆனது. 2012இல் படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற ஆழ்கற்றல் நரம்பியல் வலையமைப்பின் பிழை 15.3 சதவீதம், அடுத்து வந்தவருக்கு 26.2. 1958, 1969, 1986, 2012 என நான்கு ஆண்டுகளும் அந்த ஒரே தாளில் ஒட்டிக்கொண்டன, உருப்போடாமலே.

இன்னோர் இழை விதிகளின் வழி. 1956இல் டார்ட்மத் கல்லூரியில் கூடியவர்களின் திட்டவரைவைப் படித்துப் பாருங்கள்: 10 பேர், 2 மாதம், அதற்குள் பெரிய முன்னேற்றம் காணலாம் என்ற நம்பிக்கை. நமது ஒரு செமஸ்டரைவிடக் குறைவு! நுண்ணறிவு என்றால் குறியீடுகளை விதிப்படி கையாள்வது என்று எண்ணியவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த வழியின் உச்சம், ஸ்டான்ஃபோர்டில் 1970களில் உருவான மைசின் போன்ற வல்லுநர் அமைப்புகள், அதாவது துறை வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதிவைத்த நிரல்கள். சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு நோய்த்தொற்றுக்கு மருந்து பரிந்துரைத்தது மைசின். ஆனால் ஒவ்வொரு விதியையும் வல்லுநரின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும், பிறகு காலமெல்லாம் பராமரிக்க வேண்டும்.

ஆய்வுக்கான பணமும் ஆர்வமும் வற்றிய காலங்களைக் குளிர்காலம் என்பார்கள். அந்த இரண்டு குளிர்காலங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேள்வித்தாளுக்குப் பிடித்த இடம் இது. 1970களில் வந்த முதலாவதற்குக் காரணம், சிறு புதிர்களில் வென்ற முறைகள் பெரிய சிக்கல்களில் சாத்தியங்கள் பெருகித் திணறியது. பிரிட்டனில் 1973இல் லைட்ஹில் அறிக்கை இதைத்தான் குத்திக்காட்டியது. 1980களின் இறுதியில் வந்த இரண்டாவதில், வல்லுநர் அமைப்புகளின் பராமரிப்புச் சுமையும் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கென்றே செய்யப்பட்ட லிஸ்ப் கணினிகளின் சந்தை 1987இல் சரிந்ததும் சேர்ந்துகொண்டன.

பிரிவுகளைப் பொறுத்தவரை, பாதிப் பேர் இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல், மொழி, பார்வை, ரோபோ என்று ஒரே வரிசையில் அடுக்கி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். முதல் இரண்டும் வழிமுறைகள். ஒன்றுக்குள் ஒன்று இருப்பவை, எனவே வட்டத்துக்குள் வட்டமாக வரையுங்கள். மற்றவை செய்யவேண்டிய வேலைகள். ஒரு வேலைக்குள் பல வழிமுறைகள் வந்துபோகும். மொழிபெயர்ப்பையே பாருங்கள்: முதலில் இலக்கண விதிகள், பிறகு புள்ளியியல், 2017க்குப் பிறகு டிரான்ஸ்ஃபார்மர் என்ற நரம்பியல் வலையமைப்பு. இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எழுப்பிய ஆலன் டூரிங்குக்கு அரைப் பக்கம் போதும். எல்லோரும் அவரிடமே ஒன்றரைப் பக்கம் தங்கிவிட்டுக் கடைசியில் நேரமில்லாமல் ஓடுகிறார்கள்.

செமஸ்டர் தேர்வில் கேள்வி வேறு உருவில் வந்தது: நரம்பியல் வலையமைப்பு ஆய்வுகள் ஏன் தேங்கின, எப்படி மீண்டன? விடைத்தாளில் நான்கு புள்ளிகளையும் வைத்துவிட்டுப் பார்த்தால் ஸ்கேல் கொண்டுவரவில்லை. ஹால் டிக்கெட்டின் ஓரத்தை வைத்து இரண்டு கோடுகளையும் போட்டேன்.