இருக்கைக்குக் கீழே ஒரு குழி: கொழும்பில் ஒரு நாள்

முதலில் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ். ஏசி, சொகுசு இருக்கை, ஆளுக்கு 2,900 ரூபா. ஏசி வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. என் தலைக்கு நேர் மேலே இருந்த துவாரத்தில் இருந்து தண்ணீரும் சொட்டியது. சீட்டைச் சாய்த்தால் திரும்ப நிமிராது. அதைவிட மோசம், மெத்தையைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி மேலே வந்திருந்தது. மாங்குளம் தாண்டி பஸ் ஒரு தரம் தூக்கிப் போட்டபோதுதான் அது இருப்பதே எனக்குத் தெரிந்தது. நடத்துனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொஞ்சம் அரக்கி இருங்கோ அண்ணை" என்றார். எங்கே அரக்குவது? பக்கத்தில் அக்காவின் மகள் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. புத்தளம் வரைக்கும் ஒற்றைப் பக்கமாகச் சரிந்தே வந்தேன். சிலாபம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டபோது லேசாக விடிந்திருந்தது. அந்தச் சிலாபத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொழும்பில் எனக்கு ஒரு அலுவல். அரை மணியில் முடிந்துவிட்டது. மருமகளுக்குப் பள்ளி விடுமுறை, வரலாற்றுப் பாடத்தில் கண்டி இராச்சியம் வருகிறது, கொழும்பில் எதையாவது காட்டுங்கள் மாமா என்று கூடவே வந்தவள். வெள்ளவத்தையில் அக்காவின் சிநேகிதி வீட்டில் தங்கல், ஆகவே அறைச் செலவு இல்லை. இந்தக் கட்டுரையில் எப்படிப் போவது, என்ன செலவு, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். பார்ப்போம்.

வெள்ளவத்தையில் இருந்து கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு ஐந்து கிலோமீற்றர் வருமா? வராமல் விடாது, அவ்வளவுதான். ஓட்டோக்காரர் மீற்றர் பழுது என்றார். 1,500 கேட்டார், 900க்கு இறங்கினார். நான் வென்றுவிட்டேன் என்று ஏறினேன். ஏதேதோ குறுக்குத் தெருவுக்குள் விட்டுச் சுற்றி, போய் இறங்கியதும் "நெரிசல்" என்று சொல்லி 1,400 கேட்டார். பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், தெருவில் நின்று சண்டை பிடிக்க வெட்கம். 1,200 கொடுத்தேன். அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கலாம். கொழும்பில் மீற்றர் போடாத ஓட்டோவில் ஏறாதீர்கள், போனில் செயலி இருந்தால் அதில் கூப்பிடுங்கள். நான் கஞ்சத்தனத்தால் பேரம் பேசி அதிகம் கொடுத்தவன்.

நூதனசாலைக்குள் போனதும் அந்தக் கோபம் போய்விட்டது. 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். உள்நாட்டவருக்கு டிக்கெட் மலிவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. நான் தேடி வந்தது ஒரே ஒரு பொருளை: கண்டி மன்னர்களின் சிங்காசனம். மரத்தில் செய்து பொன் தகடு போர்த்தியது. கை வைக்கும் இடத்தில் இரண்டு சிங்கங்கள், முதுகு சாயும் பலகைக்கு மேலே ஒரு சூரியன். மருமகளின் முதல் கேள்வி "இது உண்மையான தங்கமோ மாமா?" இரண்டாவது கேள்வி "இதில ஆர் இருந்தவை?"

இதைச் செய்து கொடுத்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாக வந்தது. அதன் பிறகு 1815 வரை கண்டியில் ஆண்ட ஒவ்வொருவரும் இதில் அமர்ந்தார்கள். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து இதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். 1934இல்தான் திரும்பி வந்தது. அமர்ந்தவர்களில் கடைசி நான்கு பேர் நாயக்கர்கள், மதுரைப் பக்கத்து அரச குடும்பத்தின் உறவினர். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறக்க, பட்டத்து ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் மன்னனானார். அவருக்குப் பின் 1747இல் அவருடைய மைத்துனன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். நான் கண்ணாடிக்கு முன்னால் அரை மணி நின்றதற்குக் காரணம் இந்தக் கீர்த்தி ஸ்ரீதான்.

அவர் செய்த வேலையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் உபசம்பதா, அதாவது முழுத் துறவறம், பெற்ற பிக்குகளே இல்லாமல் போயிருந்தார்கள். பிக்கு ஆக்குவதற்கே முறைப்படி பிக்குகள் வேண்டும், அந்தத் தொடர் அறுந்துவிட்டது. வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவி பல வருடமாக இதற்குப் போராடினார். கீர்த்தி ஸ்ரீ சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) தூது அனுப்பினார். ஒல்லாந்தரின் கப்பலில் உபாலி தேரரும் குழுவும் திருகோணமலையில் வந்திறங்கி, 1753இல் கண்டியில் உபசம்பதா நடந்தது. இன்றைக்கும் இருக்கும் சியாம் நிகாய என்ற பிக்குகளின் பிரிவு அன்றைக்குத் தொடங்கியதுதான். சரணங்கரரை அரசன் சங்கராஜா, அதாவது பிக்குகளின் தலைவர், ஆக்கினார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்: சைவ வீட்டில் பிறந்த அரசன், புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களின் கப்பல், பௌத்த துறவிகள்.

அதே 1753இல் இன்னொன்றும் செய்தார். சிலாபத்து முன்னேஸ்வரம் சிவன் கோயிலைத் திருத்திக் கட்டிக் காணி எழுதிக் கொடுத்தார். அதிகாலையில் பஸ் கண்ணாடி வழியாக நான் பார்த்த பெயர்ப்பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயில். அரசனும் நெற்றியில் திருநீறு பூசுவதை விடவில்லை.

வெளியே வந்து ஆலமரத்தடியில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு மருமகளுக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்ப எல்லாருக்கும் அவரைப் பிடிச்சிருக்கும்" என்றாள்.

இல்லை பிள்ளை. 1760இல் அவரைக் கொல்லப் பார்த்தார்கள்.

சதி செய்தவர்களின் பட்டியல்தான் தலை சுற்ற வைக்கும். அதிகாரம் என்ற, அரசவையின் மிகப் பெரிய பதவியில் இருந்த சமணக்கொடி. கண்டி மல்வத்தை விகாரையின் பிக்குகள். அரசனே பதவி கொடுத்த சங்கராஜா சரணங்கரர். திப்பட்டுவாவே தேரர் என்ற இன்னொரு பிக்கு. அரசனை எடுத்துவிட்டு யாரை வைப்பது? கண்டிக்கு வந்து காவியுடன் இருந்த சியாம் இளவரசர் தெப் பிபித்தை. அவர் யார் தெரியுமா, உபாலி தேரரை அனுப்பி வைத்த அதே சியாம் மன்னரின் மகன். தகப்பன் இறந்த பிறகு அரசனான சகோதரன் இவரை நாடு கடத்தியிருந்தார்.

திட்டம் இது: மல்வத்தையில் தர்ம போதனைக்கு அரசனை அழைப்பது. அவருக்கு ஒரு இருக்கை போடுவது. இருக்கைக்குக் கீழே குழி வெட்டி, குழிக்குள் கூரான முனைகளை நட்டு, மேலே மூடி வைப்பது. அமர்ந்ததும் கதை முடிந்தது.

(இந்த இடத்தில் மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்கட பஸ் சீட் மாதிரி." நான் இரவு முழுக்க விழித்திருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.)

விஷயத்தை அரசனிடம் சொன்னவர் கோபால முதலியார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் ஒரு முஸ்லிம். அரசன் காவலோடு போனார், இருக்கையை எடுக்கச் சொன்னார், குழி தெரிந்தது. அதற்குப் பிறகும் பதறாமல் போதனையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அரண்மனைக்குத் திரும்பினார் என்று கதை. கடைசிப் பகுதி கொஞ்சம் மெருகேற்றியதாக இருக்கலாம். ஆனால் அரசர்களின் கதை என்றால் எனக்கு இந்த மெருகும் வேண்டும்.

சமணக்கொடிக்கு மரண தண்டனை. சியாம் இளவரசரை நாட்டை விட்டு அனுப்பினார்கள். அவருக்குச் சிங்காசன ஆசை போகவில்லை. 1767இல் அயுத்தயா பர்மியரிடம் விழுந்ததும் பிமாய் என்ற ஊரில் தனக்கென ஓர் ஆட்சி அமைத்து, அடுத்த வருடமே தக்சின் மன்னரிடம் உயிரை விட்டார். சங்கராஜாவைக் கொஞ்சக் காலம் தடுத்து வைத்து, பிறகு அதே பதவியைத் திருப்பிக் கொடுத்தார் கீர்த்தி ஸ்ரீ. விகாரை கட்டுவதையும் நிறுத்தவில்லை. இலங்கை அரசர்களின் வரலாற்று நூலான மகாவம்சத்தை அவர் காலம் வரைக்கும் தொடர்ந்து எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சதியில் பெயர் அடிபட்ட அதே திப்பட்டுவாவே தேரர். அதில் அரசனுக்கு அத்தனை புகழ்.

திருநீறு பூசுகிறான், மனதளவில் பௌத்தன் இல்லை என்பதுதான் வெளியே சொன்ன குறை. என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்: திருநீறு ஒரு சாட்டு. நாயக்கர் உறவினர்கள் வந்து அரண்மனையை நிரப்ப, பிரதானிகளின் கை சுருங்கியது. அந்த எரிச்சலுக்கு ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டது, நெற்றியில் அது வெள்ளையாகத் தெரிந்தது. அதே நேரம் இதை எடுத்து "எங்கட தமிழ் அரசன்" என்று முகநூலில் வாள் வீசுபவர்களிடமும் எனக்குப் பொறுமை இல்லை. நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு, தமிழும் புழங்கியது, ஆண்டது சிங்கள மக்களை, வளர்த்தது பௌத்தத்தை. இதில் எந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கப் போகிறீர்கள்?

சரி, பசி. 138ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்தோம். ஓட்டோவுக்குக் கொடுத்த காசை நினைத்து பஸ் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். புறக்கோட்டைச் சந்துக்குள் ஒரு முஸ்லிம் கடை, பெயர் சொல்ல மாட்டேன், போனமுறை ஒரு கடையின் பெயரை எழுதி அடுத்தமுறை எனக்கே இடமில்லாமல் போனது. கோழிப் புரியாணி, மலாய் அச்சாறு, கொஞ்சம் கத்தரிக்காய் மோஜு. புரியாணி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வட்டிலப்பம்! கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், மேலே கஜு. கரண்டி வைத்தால் நடுங்குகிறது, வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை. அடியில் கருப்பட்டிப் பாகு தேங்கி நிற்கும், அதை வழித்து எடுக்க ஒரு தனித் திறமை வேண்டும். ஒரு கிண்ணம் 250 ரூபா. ஒன்று வாங்கிப் பாதி பாதி என்று திட்டம். மூன்று வாங்கினோம். பரிமாறிய நானாவிடம் கோபால முதலியார் கதையைச் சொன்னேன், சாப்பாடு நன்றாக இருந்தால் எனக்கு வாய் நிற்காது. "எங்கட ஆள்தானே காப்பாத்தினது, அப்ப இன்னொரு வட்டிலப்பம் எடுங்க" என்றார். வியாபாரி.

கடைசியாகக் கோட்டை. ஜனாதிபதி மாவத்தையில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் வாசலோரம் சின்னஞ்சிறு அறை ஒன்று இருக்கிறது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அடைத்து வைத்த சிறை என்று அதைச் சொல்வார்கள். இவர் கீர்த்தி ஸ்ரீக்கு அடுத்தவருக்கும் அடுத்தவர். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன், நீட்டிப் படுக்கவே சிரமம். ஆனால் கோட்டைக்குள் ஒரு நல்ல வீட்டில்தான் தங்க வைத்தோம் என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயர் எழுதி வைத்தது. எனக்கும் வீடுதான் நம்பக் கூடியதாகத் தெரிகிறது. எப்படியோ, 1816 ஜனவரியில் இந்தக் கொழும்பில் இருந்துதான் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தத்தில், "மலபார்" இனத்தவருக்கு இனிக் கண்டிச் சிங்காசனத்தில் உரிமை இல்லை என்று ஒரு பிரிவே எழுதினார்கள். அவர்கள் மலபார் என்றது நாயக்கர்களை. அந்தத் தாளில் கையெழுத்திட்ட கண்டிப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் போட்டார்கள் என்று சொன்னதும் மருமகள் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ப் படம் காட்டுகிறேன் என்றேன்.

1760இல் குழி வெட்டி முடியாததை 55 வருடம் கழித்து ஒரு தாளில் முடித்தார்கள். இரண்டாவது முறை கோபால முதலியார் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் அந்த அறைக்கு முன்னால் ஒதுங்கி நின்றோம், குடை வெள்ளவத்தையில்.

செலவு எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. போக வர பஸ் இரண்டு பேருக்கு 11,600. உள்ளூர் பஸ், நூதனசாலை டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள். மதியம் 2,850, அதில் வட்டிலப்பம் 1,000. ஆம், நாலாவதையும் எடுத்தோம். ஓட்டோ 1,200. அந்த 1,200ஐ மட்டும் இன்னும் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நூதனசாலைக்குக் காலையில் போங்கள், பின்னேரம் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நின்று சிங்காசனத்தின் கால் மட்டும்தான் தெரியும். திரும்பிப் போகும் இரவு பஸ்ஸில் சீட்டைக் கையால் அமத்திப் பார்த்துத்தான் இருந்தேன். கம்பி இல்லை. தண்ணீர் சொட்டியது.